ஆறு நாடும் எட்டுப் பைப்பும்

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, சாட்சிகள் இருக்கிறார்கள். தமிழில் பேசிய ஒரு பெண்ணின் பேச்சை, தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு, தமிழிலேயே மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். அதையும் பிழையாகச் சொன்னேன். கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால், பட்டப்பகலில், ஆறு நாட்டுக் கொடிகளுக்குக் கீழே நின்றுகொண்டு இதைச் செய்தேன். அன்றைக்குக் கழுத்தில் டை வேறு கட்டியிருந்தேன். டை இரவல்.

பார்த்தவர்கள் பன்னிரண்டு பெண்கள், ஒரு துரை, ஒரு பெரிய கிளாக்கர். இத்தனை வருடங்களாக அவர்களில் ஒருவரும் இதை வெளியே சொல்லவில்லை. அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் எழுபதுகளின் கடைசி. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாவது ஆசிரியர். மொத்தமே இரண்டு பேர்தான் என்பதால் கடைசி ஆசிரியர் என்றும் சொல்லலாம். அப்போதுதான் வெளிநாட்டுச் சரக்குக்கு நாட்டின் கதவைத் திறந்துவிட்டோம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்று, பாண் முடிந்துபோய், மரவள்ளிக் கிழங்கைத் தேடி, அதுவும் முடிந்துபோன வீடுகளிலிருந்து ஆட்களைத் தூக்கிப்போய்ப் புதைத்திருந்தோம். அதனால் கதவு என்று யார் சொன்னாலும் எட்டிப் பார்க்கிற பழக்கம் எங்களுக்கு வந்திருந்தது.

திறந்த கதவு வழியாக முதலில் வந்தது நைலோன் சேலை. பிறகு ஜப்பான் ரேடியோ. பிறகு பிளாஸ்டிக் வாளி. சிவப்பு, நீலம், பச்சை என்று கந்தப்பளைக் கடைகளில் தோரணம்போலத் தொங்கின. தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் கீழ் லயத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் ஆளுக்கொரு வாளி வாங்கினார்கள். தண்ணீர் பிடிப்பதற்கு அவ்வளவு அழகான வாளி எங்கள் மலைக்கு அதுவரை வந்ததே இல்லை. பிடிக்கத்தான் தண்ணீர் இல்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

இன்னும் ஐந்தாறு வருடத்தில் இந்த நாடு சிங்கப்பூர் ஆகிவிடும் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். மற்றவர்கள் கேட்டுவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விட்டார்கள். நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் அதில் பாண்டித்தியமும் தேடினேன். கந்தப்பளைச் சில்லறைக் கடையில் சீனியும் பருப்பும் பழைய ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார்கள். வீட்டுக்கு வந்ததும் சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டு, தாளை நீவி விரித்துப் படிப்பேன். ஆசியாவின் எழுச்சி, துறைமுகங்கள், தொழிற்பேட்டைகள், அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்று பெரிய பெரிய விஷயங்கள் இருக்கும். ஒரு சங்கடம் என்னவென்றால், கட்டுரையில் பாதிதான் எனக்குக் கிடைக்கும். மீதிப் பாதி யார் வீட்டுப் பருப்போடு போனதோ. ஆகவே சிங்கப்பூர் எப்படி முன்னேற ஆரம்பித்தது என்பது எனக்குத் தலைகீழ்ப் பாடம். எப்படி முன்னேறி முடித்தது என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

அந்தப் பாதி அறிவை ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தப்பளை சலூனில் விநியோகம் செய்வேன். கூலி வாங்காத பேச்சாளன் என்பதால் சலூன்காரர் விட்டுவைத்திருந்தார்.

“அங்க தலைமுடி நீளமா வச்சிருக்கிற ஆம்பளைய அரசாங்க ஆபீசுல கடைசியாத்தான் கவனிப்பாங்களாம்” என்று ஒருநாள் சொன்னேன்.

சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு யோசித்தார். “அப்ப நல்ல நாடுதான் மாஸ்டர்” என்றார். “நம்ம நாடு எப்ப சிங்கப்பூராகுதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு முடிவெட்டுற கதிரை வாங்கிப் போடணும்.”

அன்றிலிருந்து எனக்குச் சிங்கப்பூர் மாஸ்டர் என்று பெயர். பட்டம் வாங்கியவனைப்போல நானும் தலையை ஆட்டிக்கொண்டு திரிந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. தோட்டத்தில் யாரும் யாரிடமும் நேராகப் பேச முடியாது. கொழுந்து எடுக்கிறவள் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கணக்கப்பிள்ளையிடம், கணக்கப்பிள்ளை கண்டாக்கையாவிடம், கண்டாக்கையா தோட்டத்து மேனேஜரான துரையிடம். பேச்சு படி ஏறித்தான் போகும். ஏறுகிற ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தும். கூரைத் தகரம் பிய்ந்து பிள்ளை படுத்திருந்த பாயில் விழுந்தது என்று ஒருத்தி சொன்னால், கூரை ஒழுகுது என்பார் கங்காணி. லயத்தில் கொஞ்சம் ஈரம் என்பார் கணக்கப்பிள்ளை. கண்டாக்கையா போகிறபோக்கில், லயங்கள் குளுகுளுவென்று இருக்கின்றன என்பார். துரை அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். இதில் வேடிக்கை, துரைக்குத் தமிழ் தெரியும். சின்னத் துரையாக வந்த நாளிலிருந்து தோட்டத்துத் தமிழைத்தான் காதில் வாங்கி வளர்ந்தவர் அந்தச் சிங்கள இளைஞர். எங்களைப்போலவே ஏசுவார். ஆனாலும் யாரும் அவரிடம் நேராகப் பேசியதில்லை. காலில் சப்பாத்துப் போட்டவரிடம் நேராகப் பேசினால் நாக்கு புரளாது என்பதுபோல ஒரு பழக்கம்.

கீழ் லயத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது ஒரு பீலியிலிருந்து. மலையில் ஊறும் தண்ணீரைப் பைப்பு வழியாக இறக்கி லயத்து வாசலில் கொட்டவிடும் சின்ன ஏற்பாடு. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பைப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு பெண்கள் கீழே பள்ளத்து ஓடைக்கு இறங்கித் தண்ணீர் மொள்ள வேண்டும். இறங்கும்போது வாளி வெறுமை, கால் வழுக்கும். ஏறும்போது வாளி நிறைவு, அப்போதும் வழுக்கும்.

அந்த லயத்தில் ஒரு அக்கா இருந்தார். கொழுந்து எடுப்பதில் கை எவ்வளவு வேகமோ அதைவிட வாய் வேகம். கங்காணியே அவருடைய வரிசைப் பக்கம் வரும்போது செருமிக்கொண்டுதான் வருவார். அவருடைய மகள் பிள்ளை பெறுவதற்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழாம் மாதம். ஒருநாள் ஓடைச் சரிவில் அந்தப் பெண் வாளியோடு சறுக்கி, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். வாளி ஓடைக்குப் போய்விட்டது. மறுநாள் அக்கா என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், ஒங்களுக்கு ஆசியாவ எல்லாம் தெரியுங்கறாங்க. கீழ் லயம் தெரியுமா?”

“தெரியுங்க அக்கா.”

“அப்ப அங்க ஒரு பைப்பு வேணும்னு எழுதுங்க. மக பெத்து வரதுக்குள்ள தண்ணி வாசல்ல விழணும். படி ஏறிப் போயி சொன்னதெல்லாம் போதும், இங்கிலீசுல எழுதுங்க.”

எழுதினேன். அந்தக் கடிதத்தில் என்னுடைய சீனித்தாள் ஆங்கிலம் முழுவதையும் கொட்டினேன். அடிப்படை வசதி, மனித வளம், உற்பத்தித்திறன். அது யாருடைய மனதை எப்படி இளக்கியதோ, ஒன்றரை மாதத்தில் லொறியில் எட்டுத் துண்டு இரும்புப் பைப்பு வந்து ஸ்டோருக்குப் பின்னால் இறங்கியது. கீழ் லயத்துப் பெண்கள் வேலை விட்டு வரும்போது ஒவ்வொருவராகப் போய் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணை வைத்துக் குழாய்க்குள்ளே எட்டிப் பார்த்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது என்று அறிவித்தாள். அன்றைக்கு நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்ததில் சட்டைப் பொத்தான் ஒன்று போனது.

அந்த வாரமே கொழும்பிலிருந்து செய்தி வந்தது. ஆசிய நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பைப் பற்றிப் பேச ஆறு நாட்டுப் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வருகிறவர்கள், அப்படியே பக்கத்தில் ஒரு தோட்டத்தையும் பார்க்க ஆசைப்படுகிறார்கள். எங்கள் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் ஒருவர் சிங்கப்பூர்.

துரை கமிட்டி போட்டார். துரை, பெரிய கிளாக்கர், கண்டாக்கையா, நான். நான் ஏன் என்றால், மொழிபெயர்ப்பாளர் நான்தான் என்று துரை சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகு பேசியது எல்லாம் தேனாகக் காதில் விழுந்தது. லயங்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ரோட்டைப் பார்த்த பக்கம் மட்டும் போதும். நல்லது. பெண்களுக்குப் புதிய தலைத்துண்டு. நல்லது. இறம்பொடை மலைப்பாதை வளைவுகளில் சுற்றிச் சுற்றி வருகிற விருந்தாளிகள் இறங்கியதும் முதலில் தேடப்போவது கக்கூஸ். ஸ்டோருக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்ட வேண்டும். மிகவும் நல்லது. அதற்குப் பைப்பு?

எல்லோரும் ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார்கள். எட்டுத் துண்டும் மழையில் பளபளவென்று கிடந்தன.

எதிர்த்துப் பேசத்தான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு. “தற்காலிகமாகச் செய்யலாம்” என்றேன். கையோடு ஒரு தாளை எடுத்து, பைப்பு எந்த வழியாக வர வேண்டும் என்று படமும் போட்டுக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் பதவிக்கு நான் கொடுத்த விலை எட்டுப் பைப்பு. அந்தக் காலத்துக்கு அது அதிகம்.

அக்காவிடம் நானே போய்ச் சொல்வதற்குள் சேதி போய்விட்டது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் என்னை மறித்தார்.

“எங்க தண்ணியக் கக்கூசுக்குக் குடுத்துட்டீங்களாமே.”

“தற்காலிகம்தாங்க அக்கா. விருந்தாளிங்க போனதும் கழட்டி...”

“மக புள்ள பெறப்போறதும் தற்காலிகமா?”

நான் தலையைச் சொறிந்தேன். பிறகு பெரிய மனிதனாக ஒரு வாக்குக் கொடுத்தேன். “அந்தச் சிங்கப்பூர்க்காரர்கிட்ட நானே சொல்றேங்க. ஒங்க முன்னாலயே சொல்றேன். அவங்கள்லாம் காரியக்காரங்க. தொரையால தட்ட முடியாது.”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “சொல்லிருவீங்கதான?”

“சொல்லிருவேன்.”

அதன்பிறகு மூன்று வாரம் ஆங்கிலம் பயின்றேன். சிங்கப்பூர்க்காரரை வரவேற்பது எப்படி, குனிவதா, கை கொடுப்பதா, சீன முகத்தில் சந்தோஷத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். தலைமையாசிரியர் தன் கல்யாணத்துக்குக் கட்டிய டையை இரவல் தந்தார். அவர் கல்யாணத்தில் சாம்பார் பரிமாறினார்கள் என்பது டையைப் பார்த்தாலே தெரியும்.

கந்தப்பளைத் தையற்காரர் பள்ளிக்கூடத்துப் புவியியல் புத்தகத்தைப் பார்த்து ஆறு கொடி தைத்துக் கொடுத்தார். ஸ்டோருக்கு முன்னால் இரண்டு சவுக்கு மரங்களுக்கு நடுவே நைலோன் கயிறு கட்டி, அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டோம். பெண்கள் கூடையோடு நிற்க வேண்டிய இடம் அதற்குக் கீழே. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

“இதுல எங்க கொடி எது மாஸ்டர்?”

கொஞ்சம் யோசித்தேன். “எல்லாம் நம்ம ஆசியக் கொடிதாங்க.”

“அப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க.”

விருந்தாளிகள் இரண்டு வேனில் வந்தார்கள். இறம்பொடை தன் வேலையைச் செய்திருந்தது. முகங்கள் எல்லாம் பழுக்காத வாழைக்காய் நிறம். கதவு திறந்ததும் ஆறு நாடும் ஒரே திசையில் ஓடின. ஒரு கக்கூஸ், ஆறு நாடு. யார் முதலில் போவது என்பதில் மிகுந்த விட்டுக்கொடுப்பும், கொஞ்சம் தள்ளுமுள்ளும் இருந்தன. ஆசிய ஒத்துழைப்பை நான் கண்ணால் பார்த்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

முதலில் வெளியே வந்தவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அரைக்கைச் சட்டை, கறுத்த மேனி, எங்கள் சித்தப்பாவின் மூக்கு. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் சிங்கப்பூர் என்று எழுதியிருந்தது. இந்தியப் பிரதிநிதிக்கு அட்டையை மாற்றிக் குத்திவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். அவர் என்னைக் கடந்து நேராகப் பெண்களிடம் போனார்.

“வணக்கம்மா. நல்லா இருக்கீங்களா?” என்றார்.

பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சப்பாத்துப் போட்ட ஒருவர் பேசியிருக்கிறார், யாராவது ஒருவர் நடுவில் நின்று வாங்கிக் கொடுத்தால்தானே பதில் சொல்லலாம். அந்த ஒருவரும் டை கட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறார். நானும் என் கடமையில் தவறவில்லை.

“நலமா என்று கேட்கிறார்” என்றேன் பெண்களிடம்.

“நல்லாருக்கோம்னு சொல்லுங்க மாஸ்டர்” என்றாள் ஒருத்தி.

“நலமாக இருப்பதாகத் தெரிவிக்கிறார்கள்” என்றேன் அவரிடம்.

அவர் சிரித்துவிட்டார். நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பார். அந்தச் சந்தர்ப்பத்தைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்திருந்தால் மானம் தப்பியிருக்கும். நான் அடுத்த வாக்கியத்துக்குத் தயாராக நின்றேன்.

“எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம்மா” என்றார் அவர். “பினாங்குக்குக் கப்பல் ஏறினவரு. ரப்பர் தோட்டத்துல வேலை செஞ்சாரு. அப்புறம்தான் சிங்கப்பூர்.”

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. படியைத் தாண்டி நேராகவே பேசிவிட்டார். “எங்க தாத்தாவும் புதுக்கோட்டைதாங்க. அவரு கப்பல் மாத்தி ஏறிட்டாரு.”

பெண்கள் கூடை குலுங்கச் சிரித்தார்கள். பின்னால் துரை சிரிப்பதும் கேட்டது. கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் நான் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். “இரு பிரதேசங்களுக்கும் இடையே நீண்டகால வரலாற்றுத் தொடர்பு உண்டு என்கிறார்” என்றேன்.

அவர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி அக்காவிடம், “இப்ப உங்களுக்கு என்ன பாஸ்போர்ட்டும்மா? இந்த நாடா, இந்தியாவா?” என்று கேட்டார்.

“ரெண்டு அரசாங்கமும் எங்களப் பங்கு பிரிச்சிக்கிட்டிருக்காங்க சார். யாரு பங்குன்னு முடிவானதும் சொல்லி அனுப்புவாங்க.”

அந்த ஆறு பேரில் ஒருவர் இந்தியா. மற்ற அரசாங்கத்தின் சம்பளம் வாங்கும் துரை எனக்குப் பின்னால் நின்றார். “பிராந்திய ஒத்துழைப்பில் இவர்களுக்கு மிகுந்த நம்பிக்கை இருக்கிறது” என்றேன்.

அக்கா என்னை முறைத்தார். அந்த முறைப்பில் நான் கொடுத்த வாக்கு முழுவதும் இருந்தது. இப்போது சொல், என்றது அந்தப் பார்வை. நான் துரையைப் பார்த்தேன். துரை வானத்தைப் பார்த்தார். நான் டையைப் பார்த்தேன். அதில் அந்தப் பழைய சாம்பார்ப் பொட்டு இருந்தது. நான் சொல்லமாட்டேன் என்பது அக்காவுக்கு விளங்கிவிட்டது.

“சார், எங்க லயத்துப் பீலி ஒடைஞ்சு எட்டு மாசம்” என்றார் அவர். “ஓடையிலதான் தண்ணி. என் மக நெறமாசம். எங்களுக்குன்னு வந்த பைப்பத்தான் ஒங்களுக்குக் கக்கூசு கட்டப் போட்டிருக்காங்க. ஒங்க மேல வருத்தம் இல்லைங்க. அவசரம் எல்லாருக்கும் வாறதுதான்.”

வேனுக்குப் பக்கத்தில் மற்ற விருந்தாளிகள் தேயிலைச் செடியோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கிளாக்கர் இருமினார். அந்த இருமலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். படியில் நிற்கிறவன் சிந்த வேண்டியதைச் சிந்த வேண்டும். நான் சிங்கப்பூர்க்காரரின் பக்கம் திரும்பினேன்.

“நீர்வளத் துறையில் தங்கள் நாட்டின் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள இவர்கள் ஆவலாக இருக்கிறார்கள்” என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்து மடித்துப் பைக்குள் வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

“அம்மா சொன்னது எனக்கு வெளங்குச்சு சார். நீங்க சொல்றதுதான் வெளங்கல.”

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

பிறகு ஸ்டோருக்குள் தேநீர் கொடுத்தார்கள். ஏற்றுமதிக்குப் போகும் முதல்தரத் தேயிலை. எனக்கும் ஒரு கோப்பை கிடைத்தது. அந்த மலையிலேயே பிறந்து, அந்தத் தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்து, அதன் உண்மையான ருசி எப்படி இருக்கும் என்பதை முப்பத்திரண்டாவது வயதில் ஒரு விருந்தாளியின் தயவில் தெரிந்துகொண்டேன். எங்கள் வீடுகளுக்கு வருவது கழித்துப்போட்ட தூள். சிங்கப்பூர்க்காரர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அக்காவிடம் கொடுத்ததைப் பார்த்தேன். அக்கா ஒரு மிடறு குடித்து, கோப்பைக்குள்ளே எட்டிப் பார்த்தார். “இதுவா நாங்க பறிக்கிறது” என்று பக்கத்தில் நின்றவளிடம் கேட்டார். அவளும் குடித்தாள். கோப்பை பன்னிரண்டு கை மாறி வெறுமையாகத் திரும்பி வந்தது.

வேன் ஏறும் முன் சிங்கப்பூர்க்காரர் துரையிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று துரை சொன்னார். வேன்கள் போய்விட்டன. மாலைக்குள் கொடிகளைக் கழற்றி மடித்து ஆபீஸ் அலுமாரியில் வைத்தார்கள். கக்கூஸைப் பூட்டினார்கள். கயிற்றை மட்டும் யாரும் கழற்றவில்லை. கக்கூஸுக்கு வெளியே, கை கழுவுவதற்கு வைத்த குழாயையும் பூட்ட முடியவில்லை. அதற்குப் பூட்டு கிடையாது.

பைப்பைக் கழற்றுவது பற்றி நான் துரையிடம் கேட்கவில்லை. கேட்கப் போனேன். ஆபீஸ் வாசல்வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பள்ளிக்கூடக் கரும்பலகைக்குச் சோக்கட்டி வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்தேன். அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் சோக்குப் பஞ்சமே இல்லை.

இரண்டு வாரத்தில் அக்காவின் மகளுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் கொழுந்து லொறியின் முன் சீட்டில் வந்து இறங்கினார்கள். மறுநாள் காலை பெரட்டு முடிந்து, கொழுந்துக்கு ஏறும் நேரத்தில், அக்கா ஒரு சிவப்பு வாளி நிறையப் பிள்ளைத் துணியோடு ஸ்டோர் வாசலுக்கு வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி அதுதான். நின்று பார்த்தேன். வாச்சர் ஓடி வந்து மறித்தார்.

“இது வெளிநாட்டு ஆளுங்களுக்குப் போட்ட குழாய் அக்கா.”

“அவங்க திரும்பி எப்ப வாராங்க?”

“அது தெரியாது.”

“அப்ப அதுவரைக்கும் தண்ணி சும்மாதான இருக்கும்” என்று சொல்லிக் குழாயைத் திறந்தார் அக்கா.

துவைத்தார். ஒவ்வொன்றாகப் பிழிந்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, சவுக்கு மரங்களுக்கு நடுவே ஆறு நாட்டுக் கொடி பறந்த அந்தக் கயிற்றில் வரிசையாகக் காயப்போட்டார். காற்று நன்றாக வீசியது. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ ஏழாவது நாடு ஒன்று வந்து இறங்கியதுபோல இருந்தது.

மறுநாள் கீழ் லயத்துப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை வாளிகள் ஸ்டோர் வாசலிலிருந்து ரோடுவரை வரிசை பிடித்து நின்றன. காலையில் பெரட்டுக்கு முன், மாலையில் கொழுந்து எடைபோட்ட பின். யாரும் கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. தண்ணீர் பிடித்தார்கள். அவ்வளவுதான். ஆனால் கொழுந்து லொறி உள்ளே நுழைய ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் ஹோர்ன் அடிக்க வேண்டியிருந்தது.

துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். படி இறங்கிப் பேச ஒருவன் வேண்டுமல்லவா. போய்ச் சொல்லி அவர்களை நிறுத்தச் சொன்னார். நான் போனேன். வரிசையின் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து, “வாளி கொண்டு வரலையா மாஸ்டர்?” என்றாள். நான் திரும்பி வந்து, பேச்சுவார்த்தை தொடர்கிறது என்று துரையிடம் சொன்னேன். அதுவும் ஒரு மொழிபெயர்ப்புத்தான்.

அடுத்த மாதம் கொழும்பிலிருந்து பெரியவர்கள் மறுபடி வருவதாகக் கடிதம் வந்தது. ஸ்டோர் வாசலில் வாளி வரிசையும், கொடிக்கயிற்றில் பிள்ளைத் துணியுமாக அவர்களை வரவேற்க துரைக்கு மனமில்லை. பெரிய கிளாக்கர்தான் வழி சொன்னார். கக்கூஸுக்கு ஒரு பீப்பாய் வைத்து ஆள் நிறுத்தித் தண்ணீர் நிரப்பலாம், பைப்பைக் கொண்டுபோய்க் கீழ் லயத்தில் போட்டுவிட்டால் வரிசை தானாகக் கரைந்துபோகும் என்றார். துரை நெடுநேரம் யோசித்தார். தற்காலிகமாகச் செய்யலாம் என்றார்.

எட்டுத் துண்டையும் பெண்களே தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒன்றுக்கு நாலு பேர். கொழுந்துக் கூடையைவிட இது லேசு என்று சொல்லிக்கொண்டே போனார்கள். நானும் ஒரு துண்டின் வாலைப் பிடித்தேன். பத்தடி போவதற்குள், மாஸ்டர் பிடிச்சா பாரமா இருக்கு, விடுங்க என்றார்கள். விட்டுவிட்டேன்.

கீழ் லயத்து வாசலில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் கொட்டி, இருமி, காற்றை உமிழ்ந்து, பிறகு தெளிந்து விழுந்தது. அக்கா வாளியை வைத்தார். இடுப்பில் பேத்தி. அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய வியாதி கிளம்பியது. பேசாமல் இருந்திருக்கலாம். பேசினேன்.

“பாத்தீங்களா அக்கா” என்றேன். “அன்னைக்குச் சிங்கப்பூர்க்காரர்கிட்ட நீர்வளம்னு ஒரு வார்த்தை போட்டு வச்சேனே. அது சும்மா போகல. மேலிடம்வரைக்கும் போயி, தொரை மனசுல பட்டு, சுத்திச் சுத்தி இங்க வந்து விழுந்திருக்கு. எல்லாம் நாம அன்னைக்குப் பேசுன பேச்சுத்தான்.”

அக்கா நிறைகிற வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நீங்க அன்னைக்குப் பேசுனத நாங்க இன்னும் யாருகிட்டயும் சொல்லல மாஸ்டர்” என்றார்.